மின்தூண்டலும் ஒன்றரை ஷிப்டும்

ஒற்றைத் தலைவலிக்கான மின்தூண்டல் கருவிகள் நம் மருந்துச் சீட்டுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டன. நெற்றியில் ஒட்டும் செஃபாலிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இல் அனுமதி தந்தது. மேற்கையில் கட்டிக்கொள்ளும் நெரிவியோவை டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2023-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இவற்றில் மின்சாரத்தின் அளவைச் சரிசெய்துகொள்ளலாம். நேரத்தை நோயாளிதான் ஒதுக்க வேண்டும். காலை 8.30-க்குத் தையல் லைனில் உட்கார்ந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டு மணிக்கு மேல் எழும் திருப்பூர்த் தொழிலாளிக்கு இதை எழுதித் தருமுன் நாம் யோசிக்க வேண்டியது அந்த நேரத்தைப் பற்றித்தான்.

பெங்களூரு நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் 25.2 சதவீதம். அதில் பாதி என்று வைத்தாலும் நாற்பது பேர் உட்காரும் தையல் லைனில் ஐந்து பேருக்கு இந்த நோய் இருக்கும். தள்ளிப்போகும் சாப்பாடு, குறையும் தூக்கம், செக்கிங் டேபிளின் மேல் கண்ணைக் கூசும் டியூப்லைட், பிரிண்டிங் பட்டறையின் நெடி என்று தூண்டும் காரணங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை.

பீஸ் ரேட்டில் தைப்பவர் இதற்கெல்லாம் லீவு போட முடியாது. இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஒற்றைத் தலைவலியோ 4 முதல் 72 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே வலி வந்தால் மாத்திரைதான். "என்ன மாத்திரைம்மா?" என்று கேட்டால், "தலைவலி மாத்திரைதானுங்க, மெடிக்கல்ல குடுத்தாங்க" என்பார்கள். பெயர் தெரியாது, அட்டையில் வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர் இருக்கவும் இருக்காது. மாதவிடாய் வலிக்குக் கம்பெனியிலேயே பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்படுவதை, தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் உள்ள சுமார் 100 பெண்களிடம் பேசி 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொண்டுவந்தது. சாதாரண வலிநிவாரணியானால் மாதத்துக்கு 15 நாள், கலவை மாத்திரையோ டிரிப்டானோ ஆனால் 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். மின்தூண்டலை முதலில் நினைக்க வேண்டியது இந்த நோயாளிகளுக்குத்தான்.

பலன் எவ்வளவு? 2013-இல் வெளியான பெல்ஜிய ஆய்வில் 67 பேர் செஃபாலியையோ போலிக் கருவியையோ தினமும் 20 நிமிடம் என மூன்று மாதம் பயன்படுத்தினார்கள். வலி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் செஃபாலி அணிந்தவர்களில் 38.1 சதவீதம், போலிக் கருவி அணிந்தவர்களில் 12.1 சதவீதம். ஆனால் வலி நாட்களின் சராசரிக் குறைவில் இரு குழுக்களுக்கும் இருந்த வேறுபாடு புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டது. வலி தொடங்கியதும் பயன்படுத்தும் நெரிவியோவை 252 பேரிடம் சோதித்தபோது, இரண்டு மணி நேரத்தில் நிவாரணம் கண்டவர்கள் 66.7 சதவீதம்; போலியில் 38.8. இரண்டுமே நரம்பு வழியாக மூளையை எட்டுபவை. காந்தத் துடிப்பால் மூளையிலேயே மின்னோட்டம் தூண்டும் முறையை லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை நிறுவனம் 100 பேரிடம் சோதித்து 2013-இல் நல்ல பலன் காட்டியது. அதற்கு மருத்துவமனை இயந்திரம் வேண்டும். மண்டையின் மேல் 1–2 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தும் முறையில் ஆய்வுகள் சிறியவை, மின்முனை வைக்கும் இடமே ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இந்த நேர்மின்னோட்டக் கருவியை ஆன்லைனில் வாங்கித் தானே மாட்டிக்கொள்ள யாரையும் விடக்கூடாது.

நமக்கு மிகவும் பயன்படும் எண் வேறோர் ஆய்வில் இருக்கிறது. செஃபாலியை வாடகைக்கு எடுத்த 2,313 பேரில் 46.6 சதவீதம் பேர் திருப்தியில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைப் பயன்படுத்தியதோ சொன்ன நேரத்தில் 48.6 சதவீதம் மட்டுமே. பக்கவிளைவு சொன்னவர்கள் 4.3 சதவீதம், எதுவும் கடுமையானதில்லை. கருவி தோற்றதாகத் தெரியும் இடத்தில் பலமுறை நேரம்தான் தோற்றிருக்கிறது.

நெரிவியோவை வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 45 நிமிடம் ஓட்ட வேண்டும். இயக்க ஸ்மார்ட்போன் வேண்டும். போனை வெளியே வைத்துவிட்டு லைனில் உட்காருபவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய். 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் சட்டப்படி இருக்க வேண்டிய மருத்துவ உதவி அறையில் அதற்கு இடம் கிடைத்தால் கதை வேறு. மற்றவர்களுக்கு, வேலை முடிந்து படுக்குமுன் 20 நிமிடம் என்ற செஃபாலியின் தடுப்பு முறையே நடைமுறைக்கு ஒத்துவரும். சிலருக்கு அப்போது தூக்கம் கண்ணைச் சுற்றும் என்பதால், காலையில் மெஷினில் உட்காருமுன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர், மண்டையில் உலோகப் பொருத்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். திடீரென உச்சத்தில் வரும் வலி, காய்ச்சலோடு வரும் வலி, கை கால் பலவீனத்தோடு வரும் வலி இவற்றுக்குக் கருவியை நினைக்கவே வேண்டாம். உடனே பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறார். தன் காசில் கருவி வாங்க அவரால் ஆகாது. இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் சில தடுப்புக் கருவிகளை வாங்கி, மூன்று மாத இரவலாகத் தலைவலிக் குறிப்பேட்டுடன் கொடுத்துப் பார்க்கலாம். வலி வந்த நாள், மாத்திரை போட்ட நாள், கருவி ஓடிய நிமிடம் என்ற மூன்று கட்டங்கள் போதும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் கருவியைக் குறை சொல்லுமுன் ஷிப்டைப் பற்றிக் கம்பெனியிடம் பேசுங்கள். அப்படிச் சேரும் குறிப்பேடுகளை இந்த இதழுக்கு அனுப்பினால், திருப்பூருக்கென்று ஒரு பதில் நம் கையில் இருக்கும்.