கரண்டி யார் கையில்?

கனமான வேலை பெண்களுக்கு ஆகாது என்று பேசுகிறவர்களைத் தளம் போடும் இடத்தில் ஒருநாள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நம் புதுச்சேரியில் வீடு கட்டும் தெருக்களில் கல்லும் மணலும் கலவையும் யார் தலையில் மாடியேறுகின்றன? கொத்தனார் கையில் இருக்கும் கரண்டி அதைவிடக் கனமா?

பெயரையே பாருங்கள். உதவிக்கு வரும் ஆண் பெரியாள், பெண் சித்தாள். நேற்று வந்த பதினெட்டு வயசுப் பையன் பெரியாள். பேரன் எடுத்தவள் சின்ன ஆள்! அந்தப் பையன் சில வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான், கூலியும் ஏறும். இவள் கடைசிவரை சித்தாள்.

1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். ஃபைல் பார்த்தே காலம் கழித்தவன் சொல்கிறேன்: ஒரே மாதிரி வேலைக்குத்தான் அது ஒரே கூலி கேட்டது. கரண்டியையே கொடுக்காவிட்டால் வேலை எப்படி ஒன்றாகும்?

சுவர் கோணிவிடும் என்று பயமா? ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டத்துக்காகக் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். கழிப்பறைகளை அவர்களே கட்டினார்கள். 'ராணி மிஸ்திரி' என்று பெயரே வந்துவிட்டது.

வெறும் பயிற்சி வகுப்பு என்றால் வரமாட்டாள். அன்றைய கூலி போனால் அடுப்பு எரியாது. பழகும் நாளுக்கும் கூலி கொடுக்கட்டும். பொதுப்பணித்துறை டெண்டரில் பெண் கொத்தனார் இத்தனை பேர் என்று ஒரு வரி சேர்க்கட்டும். வீடு கட்டுகிற நீங்களும் மேஸ்திரியிடம் சொல்லுங்கள், ஒரு சுவரையாவது அந்தம்மாவிடம் விடச் சொல்லி.