இன்ஜின் வேலை முடிந்தும் ஜீப் இழுக்கவில்லையா?

இரண்டு மாதம் பட்டறையில் நின்ற பழைய ஜீப் ஒருவழியாக வீட்டுக்கு வருகிறது. போர் வேலை, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் முடிந்து, பெயின்ட் அடித்த இன்ஜின் பளபளக்கிறது. பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊருக்குள் ஒரு ரவுண்டும் போயாகிவிட்டது. மலை ஏறும்போதுதான் விஷயம் தெரிகிறது. வண்டியில் இழுவை இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார்பரேட்டர் வழியாக ‘டப்’பென்று வெடிக்கிறது.

மெக்கானிக் லேத்துக்காரரைக் கை காட்டுகிறார். லேத்துக்காரர் உதிரிபாகக் கடையைக் கை காட்டுகிறார். கடைசியில் வரும் வார்த்தை, “மறுபடி இறக்கிப் பார்த்துடலாம் சார்.”

இதற்குத் தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இன்ஜினை மறுபடி பிரித்தால் கேஸ்கெட் செலவும் கூலியும் இரண்டாவது தடவை. நன்றாக இருந்த இடத்திலும் புதுத் தவறு நுழைய வாய்ப்பு உண்டு. புதிதாகக் கட்டிய இன்ஜினில் வரும் தொல்லைகளில் பல, பிரிக்காமலேயே வெளியிலிருந்து கண்டுபிடிக்கக்கூடியவை. கடைசியாகக் கை பட்ட இடத்தை முதலில் பார்ப்பதுதான் வழி.

நம் ஊரில் எஸ்டேட்டிலும் மலைச்சாலையிலும் உழைத்த சி.ஜே.3பி ஜீப்பையே எடுத்துக்கொள்ளலாம். மும்பையில் வில்லீஸ் ஜீப்புகளை 1947-ல் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு நெடுங்காலம் தயாரித்த மாடல் இது. பானெட் உயரமாக இருக்கும். காரணம், உள்ளே இருக்கும் ‘ஹரிகேன்’ பெட்ரோல் இன்ஜின். 4 சிலிண்டர், ஏறக்குறைய 2,200 சி.சி. பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். புகை போகும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். இந்த அமைப்பு தெரியாத கை பட்டால் தவறுவது எளிது.

ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால்

முதலில் எர்த். இன்ஜினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எர்த் பட்டை பொருந்தும் இடத்திலும் பெயின்ட் ஏறிவிடும். பேட்டரி புதிதாக இருந்தாலும் செல்ஃப் சோம்பிச் சுற்றும். ஸ்பார்க்கும் பலவீனமாக வரும். அந்த இடத்தைச் சுரண்டி இறுக்கினால் போதும், செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

அடுத்தது டைமிங். பிஸ்டன் ஒரு சுற்று வேலையில் இரண்டு முறை மேலே வரும். ஒன்று காற்றை அமுக்கும்போது, மற்றொன்று புகையைத் தள்ளும்போது. இரண்டையும் மாற்றிப் பிடித்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டியிருந்தால் ஸ்பார்க் வேண்டாத நேரத்தில் வரும். இதைச் சோதிக்க கருவி தேவையில்லை. சாவியை அணைத்து, காயில் வயரைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டர் பக்கம் இருக்கும் முதல் சிலிண்டரின் பிளக்கை எடுக்க வேண்டும். ஓட்டையைக் கட்டை விரலால் மூடி, ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும் நேரமே சரியான நேரம். பிஸ்டன் அப்படியே உச்சிக்கு வரும்போது, டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டார் முதல் பிளக் வயரைப் பார்த்து நிற்க வேண்டும். மற்ற வயர்கள் ரோட்டார் சுற்றும் திசையில் 1-3-4-2 என்ற வரிசையில் இருக்க வேண்டும்.

ரோட்டார் வேறு பக்கம் பார்த்தால்? இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவது ஆயில் பம்ப்பின் தண்டு. பம்ப்பைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே டைமிங் கெட்டுவிடும். பம்ப் பிளாக்கின் வெளியே இருப்பதால், இதைச் சரிசெய்ய இன்ஜினை இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓடுகிறது, ஆனால் இழுக்கவில்லை

முதல் சந்தேகம் வால்வு இடைவெளி. இன்ஜின் குளிர்ந்த நிலையில் மேலே உள்ள இன்டேக் வால்வுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 18 பங்கும், கீழே உள்ள எக்ஸாஸ்ட் வால்வுக்கு 16 பங்கும் இருக்க வேண்டும். இன்டேக் வால்வு இறுக்கமாக இருந்தால் கார்பரேட்டரில் வெடிக்கும். எக்ஸாஸ்ட் வால்வு இறுக்கமாக இருந்தால் அது முழுதாக மூடாமல் நாளடைவில் எரிந்தே போகும். மேலே இருப்பதைச் சரிபார்ப்பது சுலபம். கீழே இருப்பது பக்கவாட்டு மூடிக்குள் ஒளிந்திருப்பதால் அவசரத்தில் விட்டுவிடுவார்கள்.

மறந்துபோகும் இன்னொன்று ஹெட் போல்ட். இந்த ஹெட்டில் ஒரு போல்ட் கார்பரேட்டருக்கு அடியில், காற்று போகும் பாதைக்குள்ளேயே இருக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றினால்தான் ஸ்பேனர் போகும். மற்ற எல்லா போல்ட்டையும் இறுக்கி, இது ஒன்றைத் தளர்வாக விட்டால் ஹெட் கேஸ்கெட் தாங்காது.

கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் கோளாறு ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு பக்கம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தே குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நான்கிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால், முன்பக்க டைமிங் கியர் குறி மாறிப் பூட்டப்பட்டிருக்கலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இன்ஜின் உறிஞ்சும் சக்தியைக் காட்டும் வேக்யூம் கேஜ், சமவெளியில் ஐட்லிங்கில் 18 முதல் 20 அங்குலம் வரை அசையாமல் நின்றால் நல்லது. உயரம் ஏறினால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்கும். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதே நல்ல இன்ஜின் 11, 12 என்றுதான் காட்டும். இது தெரியாமல் புது ரிங்கைக் குறை சொல்லி இன்ஜினைப் பிரிப்பது வீண் செலவு. அங்கே காற்று மெலிந்திருப்பதால், சமவெளியில் செட் செய்த கார்பரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கும். கறுப்புப் புகை வரும். அதற்குக் கார்பரேட்டரைத் திருத்தினால் போதும்.

புகை, சூடு, சத்தம்

ஆரம்பத்தில் லேசாக நீலப் புகை வந்தால் பயப்பட வேண்டாம். ரிங் போருடன் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். “நல்லா செட் ஆகட்டும்” என்று மணிக்கணக்கில் ஐட்லிங்கில் விடுவது தவறு. சுமை இல்லாமல் ஓடினால் போர் வழவழப்பாகி ரிங் பிடிக்காமலே போகும். மிதமான சுமையோடு, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். புகை நாளுக்கு நாள் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சூடு மட்டும் ஏறினால் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, தண்ணீர்ப் பாதையில் காற்று அடைத்திருக்கிறதா, பழைய ரேடியேட்டருக்குள் துரு கட்டியிருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். புது இன்ஜினுக்கு அடைப்பெடுக்காத பழைய ரேடியேட்டரை மாட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

பொறுமை காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் பிரஷர் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். பிரித்து மாட்டிய பம்ப்பில் ஆயில் நிரப்பாமல் பூட்டியிருந்தால் அது ஆயிலை இழுக்காது. புது பேரிங் பாழாகிவிடும். பிரஷர் குறைந்து, அடியில் ‘டொக் டொக்’ என்று சத்தமும் கேட்டால் மேலே ஓட்டவே கூடாது. இங்கே மட்டும், “இறக்கிப் பார்க்கலாம்” என்று மெக்கானிக் சொல்வது சரி.

கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

வண்டியை எடுக்கும்போதே ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதி வாங்குவது நல்லது: போர் எவ்வளவு பெரிதாக்கப்பட்டது, எந்த அளவு பேரிங் போட்டார்கள், வால்வு இடைவெளி எவ்வளவு, அப்போது கிலோமீட்டர் எவ்வளவு. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றி, ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பார்க்கச் சொல்லி, அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம்.

நாளை பிரச்னை வந்தால் யார் மேல் தவறு என்று மூன்று பேர் சண்டை போட வேண்டியதில்லை. அளவு தாளில் இருக்கும். வேறு ஊர் மெக்கானிக் கையில் வண்டி போனாலும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும்.