மார்கழி முடிஞ்சதும் பாட்டிக்கு ஏன் காய்ச்சல் வருது? லீவ் பிளான் போடுபவர்கள் மறக்கும் கணக்கு

டிசம்பர் பாதியைத் தாண்டினால் ஆபீஸ்களில் லீவ் அப்ளிகேஷன்கள் குவியும். மிச்சம் இருக்கும் லீவ் காலாவதி ஆவதற்குள் எடுத்துவிட வேண்டும், பசங்களுக்கு அரையாண்டுத் தேர்வு முடியப்போகிறது, பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று தெரியவில்லை. எல்லாக் கணக்கையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடைசியில் வரும் விடை ஒன்றுதான்: "பாட்டி வீட்டுக்குப் போயிடலாம்."

அந்த முடிவு எடுக்கப்படும் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் தேதி பேசுவார்கள், வேன் பேசுவார்கள், மெனுகூடப் பேசுவார்கள். "உங்களுக்கு எந்த நாள் வசதி?" என்று பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்கும் மெசேஜ் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் எப்போதும் ஃப்ரீ என்பது எல்லோருடைய நினைப்பு. உண்மையில் மற்றவர்களுக்கு லீவாக இருக்கும் இந்த ஒரு மாதம்தான் அவர்களுக்கு வருடத்திலேயே வேலை அதிகமான மாதம்.

எல்லாம் ஏன் ஒரே மாதத்தில் வந்து விழுகிறது?

மார்கழி டிசம்பர் நடுவில் பிறந்து ஜனவரி நடுவில் முடிகிறது. இந்த முப்பது நாளுக்குள் பல காலண்டர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து உட்காருகின்றன. முதலில் கோயில் காலண்டர்: விடியற்கால பூஜை, வைகுண்ட ஏகாதசி, ஆருத்ரா தரிசனம். அடுத்து பள்ளிக்கூடக் காலண்டர்: கிறிஸ்துமஸை ஒட்டிய அரையாண்டு விடுமுறை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கும் அதே நேரத்தில்தான் பள்ளிகளின் குளிர்கால விடுமுறை. கடைசியாக போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல்.

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் ஆரம்பித்துவிடும் என்பதால், மார்கழிக் கடைசியிலேயே பத்திரிகை வைக்க வருபவர்களும் வரிசை கட்டுவார்கள். சென்னையில் இருந்தால் சபா கச்சேரிகளும் சேரும்.

இதில் ஒவ்வொருவரும் கலந்துகொள்வது ஒன்றிரண்டு விஷயங்களில்தான். சென்னை மகள் ஒரு வாரம் வருவாள், பெங்களூரு மகன் பொங்கலுக்கு நாலு நாள் வருவான், வெளிநாட்டு மகள் இரண்டு வாரம் இருப்பாள். எல்லாவற்றிலும் முழு நேரமும் இருக்க வேண்டியவர் ஒரே ஒருவர்.

ஒரு பாட்டி, ஒரு மார்கழி

ஒரு உதாரணத்துக்கு, கும்பகோணத்தில் இருக்கும் 72 வயதுப் பாட்டி ஒருவரை வைத்துக்கொள்வோம். சர்க்கரை உண்டு, முட்டி வலி உண்டு. மற்றபடி 'நல்லா இருக்காங்க' என்று எல்லோரும் சொல்லும் பாட்டி.

மார்கழி முதல் வாரம்: காலை நாலரைக்கே எழுந்து, வாசல் தெளித்து, குனிந்து கோலம் போட்டு, குளித்துக் கோயில். அதே வாரத்தில் நியூஜெர்சி மகள் சென்னையில் வந்து இறங்குகிறாள். "ஏர்போர்ட்டுக்கு நானும் வரேன்" என்று பாட்டி ரயில் ஏறுகிறார்.

இரண்டாம் வாரம்: பேரப்பிள்ளைகளுக்கு ஜெட் லேக். ராத்திரி இரண்டு மணிக்குப் பசிக்கும். பெற்றவர்கள் அசந்து தூங்க, எழுந்து பால் காய்ச்சுவது பாட்டி. பகலில் தி.நகர், ஒரு கச்சேரி, சொந்தக்காரர்கள் வீடு இரண்டு.

மூன்றாம் வாரம்: எல்லோரும் வேன் பிடித்து கும்பகோணம். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில், மறுநாள் குலதெய்வம் கோயிலில் பொங்கல். வைகுண்ட ஏகாதசி வந்தால் விரதமும் ஸ்ரீரங்கமும் சேரும். புது வருஷம் பிறந்ததும் வெளிநாட்டு மகள் கிளம்புகிறாள். அதற்குள் பருப்புப் பொடி, நார்த்தங்காய், வடாம் எல்லாம் பாக்கெட் போட்டாக வேண்டும்.

நான்காம் வாரம்: போகிக்கு முன் வீடு முழுக்க ஒட்டடை. அடுத்து பெங்களூரு மகன் குடும்பத்தோடு வருகிறான். நாலு நாள் பண்டிகைச் சமையல்.

வீட்டில் தாத்தா இருந்தால் அவருக்கும் தனி லிஸ்ட் உண்டு. விடிவதற்குள் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பது, சிலிண்டர் புக் செய்வது, கரும்பும் வாழை இலையும் சுமந்து வருவது, எல்லோருடைய செருப்பையும் தேடிக் கொடுப்பது வரை.

காணும் பொங்கல் முடிந்து வீடு காலியாகிறது. ரெண்டு நாள் கழித்து வரும் போனில் பாட்டியின் குரல் கம்மியிருக்கும். "ஒண்ணும் இல்லப்பா, லேசா காய்ச்சல்." அதைக் கேட்டதும் எல்லோரும் 'பனி ஒத்துக்கல' என்று முடித்துவிடுகிறார்கள். பனி மட்டும்தானா காரணம்?

உடம்பு என்ன கணக்கு வைத்திருக்கிறது?

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே பி.பி., இதயப் பிரச்னை இருப்பவர்களுக்கு விடியற்காலைக் குளிர் கூடுதல் சுமை. போகிப் புகை ஆஸ்துமா இருப்பவர்களை நேரடியாகவே பாதிக்கும்.

தூக்கம் இன்னொரு சிக்கல். வயதானவர்களுக்கு எத்தனை மணிக்குப் படுத்தாலும் விழிப்பு சீக்கிரம் வந்துவிடும். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது படுப்பது பன்னிரண்டு மணி ஆகும், எழுவது மட்டும் அதே நாலரை. பத்து நாள் இப்படிப் போனால் இளவட்டமே தள்ளாடும்.

வெளியே தெரியாத ஒன்று தண்ணீர். வயது கூடக் கூட தாக உணர்வே குறையும். பயணம் என்றால் "வழியில பாத்ரூம் தேடணுமே" என்று தண்ணீரை வேண்டுமென்றே குறைப்பவர்கள் அதிகம், குறிப்பாகப் பெண்கள். சிறுநீர் அதிகம் போகவைக்கும் பி.பி. மாத்திரையை அன்று மட்டும் விட்டுவிடுபவர்களும் உண்டு. சர்க்கரை இருப்பவர்கள் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு ஏகாதசி விரதம் இருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு மருந்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். தானாக முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது.

கடைசியாக, பேரப்பிள்ளைகள் கொண்டுவரும் அன்போடு சேர்ந்து வரும் சளி. நீண்ட விமானப் பயணம், புது ஊர், நெருக்கமான வேன். குழந்தைக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போவது, 72 வயதில் இரண்டு வார இருமலாக மாறலாம்.

ரயில் டிக்கெட்டில் ஒரு சூட்சுமம்

பயணம் பற்றிப் பேசும்போது பலருக்குத் தெரியாத ஒரு விதி. ரயில்வேயில் மூத்த குடிமக்களுக்கு லோயர் பெர்த் கோட்டா இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது முதல் இது பொருந்தும். ஆனால் தகுதியுள்ள ஒருவர் தனியாகவோ, தகுதியுள்ள இருவர் ஒரே டிக்கெட்டிலோ புக் செய்தால்தான் இந்தக் கோட்டா செல்லும். 'எல்லோரும் ஒண்ணாப் போகலாம்' என்று ஆறு பேருக்கு ஒரே டிக்கெட் போட்டால் பாட்டிக்கு அந்தக் கோட்டா கிடையாது. லோயர் பெர்த் காலியாக இருந்தால் கிடைக்கலாம், இல்லாவிட்டால் அப்பர் பெர்த்தும் வரலாம்.

முன்பதிவு காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பொங்கல் தேதிகளுக்கு டிக்கெட் எவ்வளவு வேகத்தில் தீரும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டணச் சலுகையும் இப்போது இல்லை. 60 வயதான ஆண்களுக்கு 40%, 58 வயதான பெண்களுக்கு 50% என்று இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

யாரும் கேட்காத செலவு

வருகிறவர்கள் கைநிறைய வாங்கி வருகிறார்கள்தான். ஆனால் எதை? ட்ரை ஃப்ரூட்ஸ், சாக்லேட், ஒரு ஸ்மார்ட் வாட்ச். வீட்டில் கூடுதலாகத் தீரும் காஸ், பால், காய்கறி, வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கூடுதல் சம்பளம் ஆகியவை பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் பர்ஸிலிருந்தே போகின்றன. மகள்களுக்குப் பொங்கல் சீர், பேரப்பிள்ளைகள் கையில் வைக்கும் பொங்கல் காசு, கல்யாண மொய் எல்லாம் தனி.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு மாத விருந்தோம்பல் என்பது பல மாதச் சேமிப்பு. அதைப் பிள்ளைகளிடம் சொல்ல மாட்டார்கள். கேட்டால், "எங்களுக்கு என்ன செலவு இருக்கு?" என்ற பழைய பதில்தான் வரும்.

"அவங்களுக்கு அதுதானே சந்தோஷம்?"

இந்த இடத்தில் நியாயமான ஒரு கேள்வி வரும். பேரப்பிள்ளைகளுக்குச் செய்வதில் பாட்டிக்குச் சந்தோஷம் இல்லையா? உட்காருங்கள் என்றாலும் உட்கார மாட்டேன் என்பவரை என்ன செய்வது?

சந்தோஷம் உண்மைதான். தனிமை உடல்நலத்தைக் கெடுக்கும் என்பதால் உலக சுகாதார அமைப்பு 2023இல் இதற்கென்றே ஒரு ஆணையம் அமைத்தது. மனிதர்கள் வந்து போகும் வீடு முதியவர்களுக்கு மருந்து மாதிரி. எனவே 'வராதீர்கள்' என்பது தீர்வே இல்லை.

ஆனால் மருந்தையும் ஒரு வருஷ டோஸை ஒரே மாதத்தில் யாரும் விழுங்குவதில்லை. மார்கழியில் பத்துப் பேர், மாசியில் ஒருவரும் இல்லை என்பதுதான் இங்கே பிரச்னை. 2021ஆம் ஆண்டுக்கான கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6% பேர் 60 வயதைக் கடந்தவர்கள். கேரளாவுக்கு அடுத்த இடம். பிள்ளைகள் வேறு ஊரில், பெற்றோர் மட்டும் வீட்டில் என்பது இனி விதிவிலக்கு இல்லை. அப்படியிருக்க, வருடம் முழுவதும் போகாததற்கான ஈடாக ஒரு மாதத்தை அடைத்துத் திணிப்பது யாருடைய வசதிக்கு?

'உட்கார மாட்டேன்' என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாற்பது வருடம் அந்த அடுப்படியை நடத்தியவர் அவர். நடுவில் ஒருவர் வந்து "நீங்க தள்ளுங்க அத்தை, நான் பண்றேன்" என்று கரண்டியை வாங்கினால் அது ஓய்வு ஆகாது. தன் இடத்தைப் பறித்த மாதிரிதான் தோன்றும். அதிகாரம் அவரிடமே இருக்கட்டும், உழைப்பு மட்டும் கை மாறட்டும். என்ன சமையல், எவ்வளவு உப்பு என்பதைப் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லலாம். நறுக்குவதும் கிளறுவதும் கழுவுவதும் வந்தவர்கள் வேலை. வந்த ஆண்களுக்கும் சேர்த்துத்தான் இது.

சரி, என்ன செய்யலாம்?

• பிளான் போடும் முன் போன் பண்ணிக் கேளுங்கள். "வரலாமா?" என்று கேட்டால் "வாங்க" என்றுதான் பதில் வரும். "எந்த வாரம் வரட்டும்? எங்கே போகணும்னு ஆசை?" என்று கேட்டால் நிஜமான பதில் வரும்.

• இரண்டு நாள் வெளியே சுற்றினால் ஒரு நாள் வீடு. அந்த நாளில் விருந்தாளியும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். சாப்பாடு வெளியிலிருந்து வரட்டும்.

• ஒன்பது கோயிலுக்குப் பதில் மூன்று. ஒரு நாளைக்கு எத்தனை படி, எத்தனை மணி நேரம் வரிசை, வழியில் கழிவறை எங்கே என்று முன்பே பாருங்கள்.

• மாத்திரை டப்பா, மருந்துச் சீட்டின் போட்டோ, தண்ணீர் பாட்டில் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம்.

• ஃப்ளூ தடுப்பூசி பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். போட்ட பின் பாதுகாப்பு உருவாகச் சுமார் இரண்டு வாரம் ஆகும். சளி பிடித்த குழந்தைக்கு வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடலாம், தப்பில்லை.

• வந்து இறங்கிய அன்றே மளிகை, பால், காஸ் செலவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். "வேணாம்பா" என்பார்கள். கேட்க வேண்டாம், கட்டிவிடுங்கள்.

• அண்ணன், தங்கை எல்லோரும் ஒரே வாரத்தில் குவியாமல் பிரித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஒருவர் என்றால் மாசியில் ஒருவர், சித்திரையில் ஒருவர்.

• கிளம்பும் நாளில் பெட்ஷீட்டுகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, மெத்தைகளைப் பரண் மேல் ஏற்றிவிட்டுப் போங்கள். மார்கழியின் கடைசி முதுகுவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். பேச்சுத் துணையோ வேறு உதவியோ தேவைப்படும் மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. அதை அவர்கள் போனில் சேமித்துக் கொடுக்கலாம். ஆனால் அந்த நம்பருக்கு முன்னால் அவர்கள் அழைக்கத் தயங்காத நம்பராக உங்களுடையது இருக்க வேண்டும்.

இந்த வருடப் பொங்கல் டிக்கெட் புக் செய்யும்போது இன்னொரு டிக்கெட்டையும் யோசித்து வையுங்கள்: மாசியில் ஒரு சாதாரண சனி, ஞாயிறு. பண்டிகை இல்லை, கோயில் டூர் இல்லை, பலகாரம் இல்லை. ரசம், அப்பளம், மத்தியானத் தூக்கம், சாயங்காலம் திண்ணையில் கொஞ்ச நேரம் பேச்சு. ஒரு பாட்டிக்குக் கிடைக்கக்கூடிய லீவ் அதுதான்.