புடம் போட்டால் நஞ்சு போய்விடுமா?

"முறைப்படி சுத்தி செய்து புடம் போட்டால் உலோகத்தின் நஞ்சு நீங்கிவிடும், பிறகு சோதனை எதற்கு?" என்ற வாதம் சித்த மருத்துவத்தின் உலோக மருந்துகளான பற்பம், செந்தூரம் பற்றிய பேச்சில் தவறாமல் வருகிறது. திருகோணமலை மாவட்டத்தின் கப்பல்துறையில் அரச ஆயுர்வேத வைத்தியசாலை இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. இத்தகைய மாவட்டத்தில் இந்த வாதத்தைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது.

புடத்தின் நெருப்பு சேர்மத்தை மாற்றும், தனிமத்தை அழிக்காது. எத்தனை புடம் கண்டாலும் காரீயம் காரீயமே. அது எதனோடு சேர்ந்திருக்கிறது, எவ்வளவு கரைகிறது என்பதுதான் மாறும். அந்த மாற்றம் பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரசமும் (பாதரசம்) கந்தகமும் கூடிய சாதிலிங்கம் நீரில் கரைவது மிக அரிது. மீதைல் இரசமோ குடலில் ஏறக்குறைய முழுதும் உறிஞ்சப்பட்டு மூளை வரை போய்விடும். ஆகவே உலோகம் என்றாலே விஷம் என்று ஒதுக்குவதும் பிழைதான். ஆனால் நாள்பட உண்பவரின் உடலில் எவ்வளவு தங்குகிறது என்பதை இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்தே சொல்ல முடியும்.

பற்பம் நீரில் மிதக்கிறது, கைரேகைக்குள் புகுகிறது என்பார்கள். அருமையான பரீட்சைகள். அவை துகளின் நுண்மையைச் சொல்கின்றன, நஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

"மேனாட்டாரே புற்றுநோய்க்குப் பிளாட்டினம் கொடுக்கிறார்களே?" கொடுக்கிறார்கள். பிளாட்டினச் சேர்மங்கள் நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுப்பதை அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் 1965இல் அறிவித்தார். அவற்றுள் ஒன்றான சிஸ்பிளாட்டினுக்கு 1978இல்தான் அங்கு புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதே அணுக்கள் வேறு வரிசையில் அமைந்த டிரான்ஸ்பிளாட்டின் மருந்தாக உதவவில்லை. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் சோதனையில் தெரிந்தது. அதனால்தான் நிறைய உப்புநீர் ஏற்றி அதைக் கொடுக்கிறார்கள். இந்த உதாரணம் சோதனையின் பக்கமே பேசுகிறது.

ஆயிரம் ஆண்டு அனுபவம் என்ற வாதத்துக்கு ஒரு பதில் போதும்: காரீயத்தின் கேடு மெல்ல வரும், மருந்தோடு அதை யாரும் தொடர்புபடுத்த மாட்டார்கள். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் காரீயம், இரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

சித்த மருத்துவத்தை நேசிப்பவர்களே இந்தச் சோதனையை முதலில் கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அளவு தெரியாத உலோக மருந்தை எடுக்க வேண்டாம். ஏற்கெனவே நீண்ட நாள் எடுப்பவர்கள், வைத்தியரிடம் சொல்லி இரத்தத்தில் காரீயத்தையும் சிறுநீரகத்தின் நிலையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.