உயரம் குறைந்த பிள்ளைகள்: வளர்ச்சி ஊசி யாருக்கு?

தரமணியில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "பையனுக்கு ஒன்பது வயசு. வகுப்பிலேயே அவன்தான் குட்டை. வளர்றதுக்கு ஊசி இருக்காமே, போடலாமா?" மகன்களுக்காக இந்தக் கேள்வி நமக்கு அடிக்கடி வருகிறது. மகள்களுக்காக யாரும் கேட்பதில்லை.

முதலில் பெற்றோரின் உயரத்தைப் பார்க்க வேண்டும். அத்தா 162 செ.மீ., அம்மா 150 செ.மீ. என்றால் இரண்டையும் கூட்டி, மகனுக்கு 13 சேர்த்து (மகளுக்கு 13 கழித்து) பாதியாக்கினால் 162.5 வரும். மகன் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு வருவான். ஆண்டுக்கு 5 செ.மீ. வளர்ந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் அது குடும்ப வாகு, நோயல்ல. இத்தகைய பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தினமும் ஊசி போட்டாலும் கூடுவது சராசரியாகச் சில செ.மீ.தான். எடைக்கேற்ப மருந்தின் அளவும், அதோடு செலவும் ஏறும். நகையை அடகு வைத்துச் செய்யும் காரியமல்ல இது.

ஆனால் மரபில் வரும் இன்னொரு குட்டையும் உண்டு. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் ஏற்பி மரபணுவில் உள்ள ஒரு பிழையை 1996-இல் ஓர் இந்திய முஸ்லிம் குடும்பத்தில் ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாகிஸ்தானின் சிந்து கிராமங்களிலும், இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றிலும் அதே பிழை தெரிய வந்தது. தாயும் தந்தையும் சராசரி உயரத்தில் இருப்பார்கள்; இருவரிடமும் அந்தப் பிழை மறைந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிப்பு வர நான்கில் ஒரு வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடிக்கும்போது இருவரிடமும் ஒரே பிழை இருப்பது எளிது. மாமு மகனைக் கட்டுவதற்கு மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த சம்பந்தத்துக்கு முன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஊசி உண்மையிலேயே பலன் தரும், அதுவும் சிறு வயதில் தொடங்கினால். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டால் உயரம் கூடாது. (ஒரு காலத்தில் இறந்தவர்களின் மூளைச் சுரப்பியிலிருந்து இந்த ஹார்மோனை எடுத்தார்கள். அதனால் கொடிய மூளை நோய் பரவியது தெரிந்ததும், 1985-இல் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். இப்போது உயிரித் தொழில்நுட்பத்தில் தயாரிக்கிறார்கள்.)

பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் நமக்குக் கவலை. "பொண்ணுதானே, குட்டையா இருந்தா என்ன" என்று விட்டுவிட்டு, பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றதும் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். டர்னர் குறைபாடு பெண்களுக்கு மட்டுமே வருவது. குரோமோசோம் குறையால் வருகிறது, பெற்றோர் மீது தவறில்லை. அதற்கும் இந்த ஊசி உதவும். ஆனால் பதினைந்து வயதில் பெரும்பாலான காலம் கடந்திருக்கும்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில், நிரூபிக்கப்பட்ட ஹார்மோன் குறைபாட்டுக்கும் டர்னர் குறைபாட்டுக்கும் இந்தச் சிகிச்சை இடம்பெற்றிருக்கிறது. 2022-இல் உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதைப் பெற, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அப்படியொரு மையம். பள்ளிவாசல் அறிவிப்புப் பலகைகளில் இதை எழுதிப் போட நிர்வாகிகளுக்கு எத்தனை நிமிடம் ஆகும்?

தரமணிச் சகோதரியிடம் மகனின் சென்ற வருட உயரத்தைக் கேட்டோம். குறித்து வைக்கவில்லை என்றார். பள்ளியில் அளந்த பதிவு இருந்தால் வாங்கிக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள், மகளையும் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.