பூட்டிய பெட்டி

1994, 1995-ம் வருஷங்களில் ஆப்பிள் கம்பெனியார் டெலிவிஷனோடு இணைக்கத்தக்க ஒரு கரும்பெட்டியைச் செய்து, பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் டெலிபோன் கம்பெனிகளோடு கூடிப் பரீட்சை பார்த்தனர். வேண்டிய படத்தை வேண்டிய நேரத்தில் வீட்டிலிருந்தே வரவழைத்துக் காண்பது அதன் நோக்கம். பெட்டி கடைத்தெருவை எட்டுமுன்பே முயற்சி கைவிடப்பட்டது.

அதன் வயிற்றில் இருந்தது 25 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள மோட்டோரோலா 68எல்சி040 சில்லு. மாக்கின்டோஷ் கம்ப்யூட்டருக்கு உடன்பிறப்பே எனலாம். ஆயினும் சொந்தமாக ஹார்ட் டிஸ்க் கிடையாது. தூரத்து யந்திரமொன்று கம்பி வழியே கட்டளை அனுப்பினால்தான் தன் வேலையைச் செய்யும். அனுப்புவார் ஒழிந்தபின் அது வெறுங்கூடு.

எஞ்சிய பெட்டிகள் சேகரிப்போர் கைக்கு வந்தன. படமும் குறிப்பும் இல்லாத இத்தகைய யந்திரத்தை எங்ஙனம் எழுப்புவது? ‘ராம்’ அன்று, அழியாத ‘ரோம்’ சில்லில் பொறித்த எண்களை வாங்கி, ஒவ்வொன்றும் இன்ன கட்டளை என்று பெயர்த்து, பெட்டி எதற்காகக் காத்திருக்கிறதெனக் கண்டறிய வேண்டும். புகை கண்டு நெருப்பை ஊகிக்கும் நம் தர்க்க சாஸ்திரிகளின் அநுமானமே இது.

இது களவன்றோ என்பர் சிலர். 1991-ல் ஐரோப்பிய சமூகம் வகுத்த விதியோ, புரோகிராம்கள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குதற்கு இன்றியமையாதவிடத்து அவற்றைப் பிரித்தறிய நிபந்தனையோடு அநுமதித்தது. போலி செய்து விற்பது வேறு. பொறியின் நெறி அறிவது வேறு. தன் கையிலுள்ள கருவியின் உள்ளத்தை அறியும் உரிமையில்லாத ஜனசமூகம், எத்தனை கருவிகள் பெற்றிருப்பினும், பிறர் தயவில் வாழ்வதேயாம்.