தீட்டுக்கு எத்தனை உறை?

ஒரு சானிட்டரி நாப்கினில் எத்தனை பிளாஸ்டிக் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மேல்தாள் பிளாஸ்டிக். அடித்தாள் பிளாஸ்டிக். நடுவே உதிரத்தை உறிஞ்சும் பொடியும் ஒருவகைப் பாலிமர்தான். ஒவ்வொன்றையும் பொதிந்த உறை, எல்லாவற்றையும் அடக்கிய பாக்கெட் எல்லாம் நிறுவனத்தின் கைவேலை. பிறகு மருந்துக்கடைக்காரர் அதைச் செய்தித்தாளில் மடித்துக் கறுப்பு கேரிபேக்கில் போட்டுத் தருகிறாரே, அது எதற்கு? பற்பசையையும் சவரக் கத்தியையும் யாரும் அப்படி மறைத்துத் தருவதில்லை. அந்தக் கடைசி உறையைச் சுற்றுவது தீட்டு. பயன்படுத்திய பிறகு மறுபடியும் தாள், மறுபடியும் ஒரு பை, அதற்கு இறுக்கமாய் ஒரு முடிச்சு.

சட்டமும் உறையோடு சமரசம் செய்துகொண்டது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாப்கின் உற்பத்தியாளர்களிடம் கேட்டது என்ன? மறுசுழற்சி செய்யத்தக்க பொருட்களால் தயாரிக்க முடியுமா என்று ஆராயுங்கள். அல்லது ஒவ்வொரு நாப்கினையும் சுற்றி எறிய ஓர் உறை கொடுங்கள். இந்த இரண்டில் எது லாபத்துக்கு எளிது என்று சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் குச்சி வைத்த காது பட்ஸ் இருந்தது. நாப்கின் இல்லை, ஷாம்பு சாஷே இல்லை.

இந்த நிலையில்தான் 'பசுமை' விளம்பரங்கள் நம்மைத் தேடி வருகின்றன. ஒரு பெண் தன் வாழ்நாளில் இத்தனை கிலோ குப்பையை உருவாக்குகிறாள் என்கின்றன. இந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள். பிளாஸ்டிக்கைத் தேர்ந்தவரும் வார்த்தவரும் விற்றவரும் வாக்கியத்திலேயே இல்லை. உதிரம் போகிறவள் மட்டும் குற்றவாளியாய் முன்னால் நிற்கிறாள். நேற்றுவரை வீட்டைத் தீட்டாக்கியவள் இன்று பூமியைத் தீட்டாக்குகிறாள். தீண்டாதே என்ற பழைய சொல்லுக்குப் பச்சைச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

இந்த எழுவாயைத் திருத்தியவர்கள் புனேயின் குப்பை சேகரிக்கும் பெண்கள். 'ஸ்வச்' என்ற தங்கள் கூட்டுறவின் வழியாக, 2013 மகளிர் தினத்தையொட்டி, பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி உற்பத்தி நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். நாம் வெட்கத்தோடு போட்ட முடிச்சை வெறுங்கையால் அவிழ்த்துத் தரம்பிரிப்பவர்கள் அவர்கள். நாடெங்கும் அந்த வேலை பெரும்பாலும் தலித் மக்களின் தலையில்தான் விழுகிறது. நம் தீட்டு சாதியின் தீட்டோடு சந்திக்கும் இடம் குப்பைத்தொட்டி.

மாற்றுப் பொருள் செய்யும் தொழில்முனைவோரை நான் எதிர்க்கவில்லை. ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய 'ஈகோ ஃபெம்' கிராமத்துப் பெண்கள் தைக்கும் துணி நாப்கின்களை விற்கிறது. வெளிநாட்டு விற்பனையின் துணையோடு இங்குள்ள மாணவிகளுக்கும் கொடுக்கிறது. அகமதாபாத்தின் 'சாத்தி' வாழைநாரில் நாப்கின் செய்கிறது. பிளாஸ்டிக் தவிர்க்க முடியாதது என்ற பொய்யை இவர்கள் உடைத்திருக்கிறார்கள். ஆனால் பொருளை மாற்றினால் மட்டும் போதுமா?

துணி நாப்கினைத் துவைக்கத் தண்ணீர் வேண்டும், வெயிலில் உலர்த்த இடம் வேண்டும். நம் வீட்டுக் கொடியில் ஆணின் ஜட்டி காற்றில் ஆடலாம். மாதவிலக்குத் துணி மட்டும் பாவாடைக்கு அடியில் ஒளிந்து ஈரம் போகாமல் கிடக்க வேண்டும். ஒரே குழாயை ஐந்து குடித்தனங்கள் பகிரும் வீட்டில் அதை எங்கே அலசுவது? கப் பல ஆண்டுகள் உழைக்கும், உண்மைதான். ஒரு ரூபாய் சாஷே வாங்கும் தினக்கூலிப் பெண் சில நூறு ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது எப்படி? கன்னித்திரை கிழிந்துவிடும் என்று மகளைத் தடுக்கும் வீட்டில் அந்தக் கப் எந்த அலமாரியில் இருக்கும்? தனிக் குளியலறையும் மொட்டைமாடியும் உள்ளவர்களுக்கு மட்டும் வாய்க்கும் பசுமை இன்னொரு வர்க்கச் சலுகைதான்.

வேறு வழி உண்டு. 2018 வெள்ளத்தின்போது நிவாரண முகாம்களில் குவிந்த நாப்கின்களை என்ன செய்வதென்று கேரளம் திணறியது. அடுத்த ஆண்டு ஆலப்புழை நகராட்சியில் 'திங்கள்' திட்டத்தில் 5000 கப்புகள் இலவசமாக, பயன்படுத்தும் பயிற்சியோடு வழங்கப்பட்டன. பொதுநிறுவனமான எச்.எல்.எல். அதைச் செய்தது. செலவைப் பெண்ணின் பையிலும் பழியைப் பெண்ணின் மனதிலும் ஏற்றாத மாற்றம் நடக்கக்கூடியதே.

ஆகவே கேட்போம். பாக்கெட்டின் மேல் உள்ளடக்கம் முழுவதையும் அச்சிடுங்கள். திரும்பச் சேகரிக்கும் செலவை நிறுவனங்கள் ஏற்கட்டும். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் பெறும் மாணவிக்குத் துணியையோ கப்பையோ தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும். அவள் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வேண்டும். துணி நாப்கின் தைக்கும் பெண்ணுக்கு என்ன கூலி என்று பசுமைத் தொழில்முனைவோரையும் கேட்போம். வீட்டில் துவைக்கும் வேலை கூடினால் அதில் பாதி ஆண்களுடையது.

மாணவிகளே, உங்கள் விடுதி வார்டனிடம் முதலில் ஒரு கொடிக்கயிறு கேளுங்கள். எல்லோரும் பார்க்கும் இடத்தில், நல்ல வெயிலில்.